புகை விடாத லாரி

கறுப்புப் புகை விடாத லாரிதான் நல்ல லாரி என்று இனிமேல் என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் காலையில் என்னோடு நடக்கிற என் வயதுக்காரிகளுக்கும், முட்டி வலிக்கிறது என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிற என் வயதுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போன வாரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும்போது ஒரு பேச்சுக் கேட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. பேரன் பேத்தி எடுத்த பிறகு இப்படி ஆடிப்போவேன் என்று நான் நினைத்ததே இல்லை. அது என்ன பேச்சு என்று சொல்வதற்கு முன்னால் ஒரு லாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஏரிக்குக் கீழே எங்களுக்கு இருந்த நஞ்சையில் ஒரு துண்டை விற்று அப்பா ஒரு லாரி வாங்கினார். மிலிட்டரி ஏலத்தில் வந்த பழைய வண்டி. மேலே மஞ்சளும் சிவப்புமாகப் பெயின்ட் அடித்துத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் கதவைத் திறந்தால் ஓரங்களில் பச்சை தெரியும். நான் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருப்பேன். சீட்டில் கான்வாஸ் துணி, அதில் ஈரச் சாக்கும் கிரீஸும் கலந்த ஒரு வாசனை. கதவைச் சாத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

அப்பாவுக்கு அந்த லாரியில் பிடித்ததெல்லாம் இரண்டே விஷயம். ஒன்று, அது புகை விடாது. குரோம்பேட்டை மெக்கானிக் வந்து என்ஜினை உறுமவிட்டு, சைலன்சர் வாயில் ஒரு வெள்ளைத் துண்டைப் பிடித்துக் காட்டினார். துண்டு வெள்ளையாகவே இருந்தது. "அண்ணே, இந்தத் துண்ட அப்படியே தோள்ல போட்டுக்கினு கோயிலுக்குப் போலாம். என்ஜின் குண்டுக்கல்லாட்டம் கீது" என்றார். அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தத் துண்டு வித்தையைக் காட்டாமல் அனுப்பமாட்டார். காபி கொடுக்க மறந்தாலும் மறப்பார், துண்டை மறக்கமாட்டார்.

இன்னொன்று, சீல். டீசல் பம்ப் என்று என்ஜின் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருக்கும். அதில் ஒரு திருகின் மேல் முறுக்குக் கம்பி கட்டி, முனையில் ஈயத்தைத் தட்டி முத்திரை வைத்திருந்தது. "பட்டாளத்துல வச்ச சீலு. ஒருத்தனும் கை வைக்கல" என்று அப்பா சொல்லும்போது குரலே மாறிவிடும். வண்டி அவர் கைக்கு வரும்வரை கன்னி கழியாமல் இருந்தது என்கிற மாதிரி ஒரு பெருமை. மெக்கானிக்கிடம் முதல் நாளே சொல்லிவிட்டார், எதை வேண்டுமானாலும் கழற்று, சீலைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று.

லாரிக்கு டிரைவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அப்பாவின் தங்கையான என் அத்தையை அவருக்குக் கொடுப்பதாகப் பேசி, பங்குனியில் தட்டு மாற்றியாகிவிட்டது. ஆவணியில் கல்யாணம். வீட்டில் எல்லாருக்கும் திருப்தி. அம்மா வந்த வழியிலேயே அத்தை போகிறாள், இரண்டு வீடும் ஒரே வீடாகிவிடும் என்று பேசிக்கொண்டார்கள். மாமாவும் அத்தையும் நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததில்லை. மாமா வந்தால் அத்தை உள்ளே போய்விடுவாள். ஆனால் மாமாவுக்கு என்று எடுத்துவைக்கிற குழம்பில் எப்போதும் இரண்டு முருங்கைக்காய்த் துண்டு அதிகமாக இருக்கும்.

அந்தக் கோடையில் வண்டிக்கு உப்பு லோடு. மரக்காணம் உப்பளத்தில் ஏற்றி, திண்டிவனம், மதுராந்தகம், செங்கல்பட்டு வழியாகக் கொண்டுவந்து, ராத்திரி எங்கள் வீட்டு முன்னால் நிறுத்திவைத்து, மறுநாள் காலையில் நாகல்கேணித் தோல் ஷெட்டுகளில் இறக்க வேண்டும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போடுவார்கள். அதனால் எங்கள் வாசலில் எப்போதும் உப்பு சிந்திக் கிடக்கும். தார்ப்பாய் விறைத்துப்போய், மடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும் சத்தம் கேட்கும்.

ஒருநாள் விட்டு ஒருநாள், விடியும் முன்னே காலி வண்டி புறப்படும். சாயங்காலம் அத்தை ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருப்பாள். திடீரென்று அவள் கை நிற்கும். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. "வருது" என்பாள். பிறகு வெகுநேரம் கழித்துத்தான் லாரி ஏரிக்கரை மேட்டில் ஏறுகிற சத்தம் எங்கள் காதில் விழும். இது எங்களுக்கு ஒரு கேலி. "கல்யாணப் பொண்ணு காதுக்கு திண்டிவனமே கேக்கும்" என்று அம்மா சீண்டுவாள். அத்தை சிரித்துக்கொண்டே குழவியைச் சுற்றுவாள்.

சிக்கல் என்னவென்றால், லாரி வர வர நேரம் கழித்தே வந்தது. இதே மாமா இதற்கு முன்னால் வேறொருவருடைய ஓட்டை லாரியை இதே மரக்காணத்துக்கு ஓட்டியிருக்கிறார். அது செங்கல் சூளை மாதிரி புகை விடும். ஆனால் சாயங்கால டீக்கு வந்துவிடும். எங்கள் லாரியோ விளக்கு வைத்து, நாங்கள் சாப்பிட உட்காரும்போதுதான் வரும். ஓட்டை வண்டியில் சீக்கிரம் வந்தவன் நல்ல வண்டியில் ஏன் தாமதமாக வருகிறான்? இந்தக் கேள்வியை முதலில் கேட்டது பெரியப்பா. அப்பாவுக்கு மூத்தவர், பக்கத்து வீடு. அவருக்கு ஒரு சந்தேகம் வந்தால் போதும், அதற்குக் கை கால் முளைக்க வைத்துவிட்டுத்தான் தூங்குவார்.

"வண்டி இழுக்கல மச்சான்" என்று மாமா அப்பாவிடம் சொன்னார். "காலியா போறப்ப ஜோரா போவுது. லோடு ஏத்திட்டா ஒரு மேடு வந்தா போதும், முக்குது. டீசல் பத்தலன்னு தோணுது. அந்த சீல ஒடச்சி பம்ப்ப பாக்கச் சொல்லுங்க."

"பட்டாளத்துக்காரன் வச்ச சீல தொரைக்கு ஒடைக்கணுமாம்!" என்றார் அப்பா. இருந்தாலும் மச்சினன் சொல்கிறானே என்று காலி வண்டியை எடுத்துக்கொண்டு வண்டலூர் வரை போய்விட்டு வந்தார். பறந்துபோய்ப் பறந்துவந்தார். இறங்கியதும் துண்டை எடுத்துச் சைலன்சரில் பிடித்துப் பார்த்தார். வெள்ளை. அத்தோடு வண்டி நிரபராதி என்று தீர்ந்துவிட்டது. டீசலும் குறைவாகத்தான் குடித்தது, ஆகவே டீசல் திருட்டும் இல்லை. மிச்சம் இருந்தது மாமா ஒருத்தர்தான்.

பிறகு ஒருநாள் பெரியப்பா பஸ்ஸில் வரும்போது, தொழுப்பேட்டில் ஒரு இட்லிக்கடை வாசலில் எங்கள் லாரி நிற்பதைப் பார்த்துவிட்டார். பானெட் திறந்திருந்ததாம். மாமா பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தாராம். கடைக்காரி பக்கத்தில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாளாம். வேறென்ன வேண்டும்? இரண்டு நாளில், வழியில் மாமாவுக்கு ஒரு வீடு இருக்கிறது என்று எங்கள் தெருவில் தெரியாத ஆளே இல்லை. எனக்கு அது விளங்கவில்லை. வீடு இருந்தால் நல்லதுதானே, நாமும் போகலாமே என்று அம்மாவிடம் கேட்டு முதுகில் வாங்கினேன்.

ஆள் விட்டு அந்த இட்லிக்கடைக்காரியையே விசாரித்தார்கள். அவள் விளக்குமாற்றைக் காட்டி அனுப்பினாள். உண்மை இல்லாவிட்டால் ஏன் கோபம் வருகிறது என்றார் பெரியப்பா.

அதற்கு மேல் அவருக்கு உதித்த யோசனைதான் என்னை இன்னும் திகைக்க வைக்கிறது. "ஸ்கூல் லீவுதான? இந்தப் பொண்ண வண்டியில அனுப்பு. எங்க நிக்கிறான், யார் வூட்டுக்குப் போறான், இது வந்து சொல்லட்டும்." அப்பா ஒத்துக்கொண்டார். அம்மா எனக்கு இரட்டைச் சடை போட்டு, பூப்போட்ட கவுன் மாட்டி, கண்ணைத் திறந்து வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினாள். தன் தம்பியை வேவு பார்க்கத் தன் பெண்ணை அலங்கரித்து அனுப்புகிறோம் என்று அவளுக்கு உறைத்ததா, தெரியவில்லை.

எனக்கோ கொண்டாட்டம். மரக்காணத்தில் முதன்முதலாக உப்பளம் பார்த்தேன். கண் கூசுகிற வெள்ளை. கூடை கூடையாகப் பெண்கள் உப்பைத் தூக்கிவந்து பலகை மேல் ஏறிக் கொட்டினார்கள். அவர்கள் கணுக்காலெல்லாம் வெடித்திருந்தது. உதட்டை நக்கினால் உப்பு, கையை நக்கினால் உப்பு. மாமா தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். எனக்கு ஒரு பனை நுங்கு வாங்கித் தந்தார்.

திரும்பும்போதுதான் பார்த்தேன். போகும்போது ஓடிய வண்டி அது இல்லை. சின்ன ஏற்றம் வந்தாலும் மாமா கியரை மாற்றுவார், மறுபடி மாற்றுவார். ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டிருப்பார். வண்டி முனகிக்கொண்டு நகரும். வைக்கோல் வண்டி ஒன்றை முந்த முடியாமல் அதன் பின்னாலேயே வெகுதூரம் போனோம். அச்சரப்பாக்கத்துக்கு முன்னால் ஒரு மேட்டில், லாரியின் பின்சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு சைக்கிள்காரர், சலித்துப்போய்ச் சங்கிலியை விட்டுவிட்டு, எங்களைத் தாண்டிப் போனார். போகும்போது என்னைப் பார்த்துக் கையாட்டினார்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாத்தியா கண்ணு? சைக்கிள்காரன் நம்மள தாண்டிப் போறான். உங்கப்பாகிட்ட இத மட்டும் மறக்காம சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார்.

தொழுப்பேட்டில் நிறுத்தினார். பானெட்டைத் திறந்து டீசல் பில்டரைக் கழற்றி ஊதினார், துடைத்தார், மாட்டினார். இட்லிக்கடை அம்மாவுக்கு எங்கள் பெரியம்மா வயது இருக்கும். எனக்கு வடைகறி அதிகமாக ஊற்றினாள். "இன்னா தம்பி, இன்னிக்கும் மக்கர் பண்ணுதா? உன் மொதலாளிகிட்ட சொல்லு, வேற வண்டி வாங்கச் சொல்லி" என்றாள். அவ்வளவுதான் அங்கே நடந்தது. மதுராந்தகம் ஏரியைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. என்ஜின் சூடு காலில் பட, உப்புக்காற்று முகத்தில் பட, நான் தூங்கிப்போனேன். கண் விழித்தால் செங்கல்பட்டு.

வீட்டில் விசாரணை. அப்பா நாற்காலியில், பெரியப்பா கட்டிலில், அம்மா கதவோரம். மாமா வாசலில் நின்றார். அத்தை சமையல்கட்டில் இருந்தாள். நான் நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நுங்கு, வைக்கோல் வண்டி, சைக்கிள்காரர், பில்டர், வடைகறி. அந்த அம்மா மாமாவைத் தம்பி என்றுதான் கூப்பிட்டாள் என்றும் சொன்னேன். பெரியப்பா சிரித்தார். "கொழந்த முன்னாடி வேற எப்டி கூப்டுவா?"

"வண்டி நெஜமாவே போகலப்பா. சைக்கிள் எங்கள தாண்டிப் போச்சு."

"இதையெல்லாம் நல்லா சொல்லிக் குடுத்து கூட்டியாந்திருக்கான்" என்றார் பெரியப்பா. பிறகு என் பக்கம் குனிந்து, தேனாகப் பேசினார். "கண்ணு, வழியில தூங்கினியா?"

"கொஞ்சம் தூங்கினேன் பெரியப்பா."

"எங்க தூங்கின? எங்க முழிச்சிக்கின?"

"மதுராந்தகம் ஏரி பார்த்தேன். அப்புறம் செங்கல்பட்டு."

பெரியப்பா தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "அது போதும்! இட்லிக்கடை சும்மா கண்ணுக்குக் காட்டறதுக்கு. நெஜ வூடு மதுராந்தகத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவுல கீது!"

நம்புவீர்களா? நான் தூங்கிய நேரத்துக்குள் ஒரு வீட்டைக் கட்டி, அதில் ஒரு பெண்ணைக் குடிவைத்து, விளக்கும் ஏற்றிவிட்டார். நான் விழித்திருந்து பார்த்ததெல்லாம் ஒன்றுக்கும் உதவவில்லை. பார்க்காமல் விட்டது சாட்சியாகிவிட்டது. பத்து வயதில் எனக்கு விழுந்த முதல் அடி அதுதான். உண்மையைச் சொன்னால் போதும் என்றுதான் அதுவரை பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"திருநீர்மலைக்கு வா. பெருமாள் முன்னாடி கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணு" என்றார் பெரியப்பா.

"சாமி எதுக்கு இதுக்கு?" என்றார் மாமா. அவர் அப்பாவை மட்டும்தான் பார்த்தார். "லோடு ஏத்திக்கினு நீங்க ஒரே ஒரு நடை ஓட்டிப் பாருங்க மச்சான். அது போதும் எனக்கு."

"என் வண்டிய நான் சந்தேகப்படணுமாடா? மனுசன் பொய் சொல்லுவான். வண்டி பொய் சொல்லாது" என்றார் அப்பா.

அப்போது அம்மா வாயைத் திறந்தாள். என் அம்மா, அவருடைய கூடப்பிறந்த அக்கா. "ஒத்துக்கினு போயேன்டா தம்பி. நின்னது நின்னாச்சு, இனிமே நிக்கமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. கல்யாணம் நிக்காம நடக்கட்டும்."

மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அறை வாங்கியவர் மாதிரி இருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் சொன்னபோது அவர் அப்படி ஆகவில்லை. இரண்டு எட்டு உள்ளே வந்து, லாரிச் சாவியை ரேடியோ மேல் வைத்தார். தலைத்துண்டை எடுத்து உதறினார். உப்பு தரையில் கொட்டியது. போய்விட்டார். சமையல்கட்டில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பெண்ணின் பெயர் கெடுவதற்குள் கரையேற்ற வேண்டும் என்று, குரோம்பேட்டையில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளை ஒருவரைப் பேசி முடித்தார்கள். அதே ஆவணி, வேறு மாப்பிள்ளை.

லாரிக்கும் புது டிரைவர் வந்தார். ஐந்து பிள்ளை பெற்ற வயசாளி, நெற்றியில் திருநீறு. அவரும் விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். முதல் நடையும் அப்படி, அடுத்த நடையும் அப்படி. உங்களுக்கும் எனக்கும் இப்போது என்ன தோன்றுகிறது? வண்டியில்தான் கோளாறு என்று தோன்றும் இல்லையா? பெரியப்பாவுக்கு அப்படித் தோன்றவில்லை. "போறப்ப இவனுக்கும் அந்த வூட்டக் காட்டிக் குடுத்துட்டுப் போயிருக்கான்" என்றார். சத்தியமாக இப்படியேதான் சொன்னார். அப்பாவும் தலையாட்டினார்.

ஆடி மாதம் அந்த டிரைவருக்குக் காய்ச்சல் வந்தது. உப்பு மரக்காணத்தில் காத்திருந்தது. வேறு வழி இல்லாமல் அப்பாவே ஓட்டிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் அவர் முதன்முறையாக லோடோடு அந்த வண்டியை ஓட்டினார். சாயங்காலம் அத்தை மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது. ஆனால் அவள் "வருது" என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையை அவள் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தாள்.

விளக்கு வைத்த பிறகு அப்பா வந்து சேர்ந்தார். புருவமெல்லாம் உப்பு. சாப்பிடக் கூப்பிட்டால் அசையவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமோ சொல்வது போலச் சொன்னார், "சைக்கிள்காரன் தாண்டிப் போறான்." நான் சொன்ன அதே வார்த்தை. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலையில் உப்போடு வண்டியைக் குரோம்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு போனார். என்னையும் ஏறச் சொன்னார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மெக்கானிக் கம்பியை வெட்டி, ஈயச் சீலை என் கையில் போட்டார். திருகைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே குந்திவிட்டார்.

"அய்யய்யோ அண்ணே! இது மலை செட்டிங்கு!"

அப்பாவுக்குப் புரியவில்லை. மெக்கானிக் ஊருக்கே கேட்கிற மாதிரி விளக்கினார். "பட்டாளத்துல இந்த வண்டி பனிமலையில ஓடிக்கினு இருந்திருக்கு. அம்மாம் ஒசரத்துல காத்து மெல்லிசு அண்ணே. இங்க ஊத்தற மாதிரி டீசல் ஊத்தினா எரியாது, கறுப்பா கக்கும், என்ஜின் காஞ்சி பூடும். அதனால இந்தத் திருக வச்சி டீசலக் கொறச்சி, ஒருத்தனும் தொடக்கூடாதுன்னு சீல் வச்சிருக்கான். அவன் பண்ணது கரெக்ட்டு. வண்டிய கீழ எறக்கினா டீசல நாமதான் ஏத்தி வைக்கணும். நாம ஏத்தல. கீழ காத்து கனமா கீது, டீசல் கம்மியா போவுது, பொகை எங்கேந்து வரும்? வண்டி இன்னும் மலை மேலதான் கீறோம்னு நெனச்சிக்கினு கீது!"

"பொகை வரலன்னு துண்டு புடிச்சி காட்னது நீதான்டா!"

"சீலத் தொட்டா கைய ஒடைப்பேன்னது யாரு?"

இரண்டு பேரும் நடுரோட்டில் கத்திக்கொண்டார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் வந்து விலக்கினார்கள். மெக்கானிக் திருகைத் திருப்பிவைக்க வெகுநேரம் ஆகவில்லை. ஒரு டீ ஆறுகிற நேரம். அந்த ஒரு திருகுக்காக என் மாமா வீட்டைவிட்டுப் போயிருந்தார். திருப்பிவைத்ததும் லாரி ஒரு உறுமு உறுமி, கறுப்பாக ஒரு கொத்துப் புகையைக் கக்கியது. முழு உப்போடு நாகல்கேணி வரை குதித்துக்கொண்டு போனது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா அழுது நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

அப்படியானால் மாமாவைக் கூட்டிவந்துவிடுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். வழியெல்லாம் அந்த ஈயச் சீலைக் கைக்குள் வைத்துக்கொண்டு, மாமா வந்ததும் காட்ட வேண்டும் என்று இருந்தேன்.

அப்பா வீட்டில் சொன்னது இவ்வளவுதான். "பம்ப்புல ஒரு திருகு. சரி பண்ணியாச்சு."

அம்மாவின் கையில் கரண்டி நின்றது. "அப்ப தம்பி?"

"பத்திரிக அடிச்சாச்சு" என்றார் பெரியப்பா. ஒரு கவளம் குறையாமல் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "மாப்ள வூட்ல போயி இன்னான்னு சொல்றது? ஆனது ஆச்சு. பொண்ணு காதுல போட வேணாம்."

அப்பா சோற்றைப் பிசைந்தார். அம்மா அப்பளம் போட்டாள். பெரியவர்கள் என்றால் தெரிந்து செய்வார்கள் என்று நான் நம்பியிருந்த காலம் அந்தச் சாப்பாட்டோடு முடிந்தது.

காய்ச்சல் தெளிந்து புது டிரைவர் லோடு கொண்டுவந்த அன்று, வெயில் இருக்கும்போதே லாரி ஏரிக்கரை மேட்டில் ஏறியது. அத்தை ஆட்டுக்கல்லில் இருந்தாள். தலையைத் தூக்கினாள். சத்தம் மேட்டில் ஏறி முடிக்கும்வரை அப்படியே இருந்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாவு பாதியில் கிடந்தது. மிச்சத்தை அம்மாதான் ஆட்டினாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அத்தை குரோம்பேட்டைக்குப் போனாள். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. மாமா மேட்டுப்பாளையம் பக்கம் போய், ஊட்டிக்குக் காய்கறி லாரி ஓட்டினார். அங்கேயே கல்யாணம், இரண்டு பையன்கள். எனக்குக் கல்யாணமாகி ஊட்டிக்குப் போனபோது அவரைத் தேடிப் பிடித்தேன். மலை செட்டிங் என்று நான் ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இங்க வந்த மொத நாளே தெரிஞ்சிபோச்சு கண்ணு. மலை ஏறறதுக்கு முன்னாடி ஒருத்தன் பம்ப்புல டீசலக் கொறச்சிக்கினு இருந்தான். எதுக்குன்னு கேட்டேன். சொன்னான். அந்த ஷெட்லயே உக்காந்துட்டேன். அன்னிக்கு நடை போகல" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பல்லாம் ஏறறப்ப கொறைப்பேன், எறங்கினதும் ஏத்திடுவேன். ஒருநாள் கூட மறந்ததில்ல" என்றார். அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது மாமா இல்லை. அப்பா, அம்மா, பெரியப்பா யாரும் இல்லை. அந்த ஈயச் சீல் ரொம்ப நாள் என் ஜாமெட்ரி பாக்ஸில் கிடந்து, எந்த வீடு மாறும்போதோ தொலைந்துபோனது. மிஞ்சியது நானும் அத்தையும்தான். அத்தைக்கு ஒன்றும் தெரியாது என்று இவ்வளவு காலமும் நான் நினைத்திருந்தேன். தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும், பாவம், என்று விட்டிருந்தேன்.

போன வாரம் அத்தையைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, கொஞ்சநாள் என்னோடு இருக்கட்டும் என்று டாக்சியில் பீர்க்கன்கரணைக்கு அழைத்துவந்தேன். பெருங்களத்தூர் மேம்பாலத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு பழைய லாரி. கம்பி லோடு. ஏறமுடியாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. எங்கள் டிரைவர் சின்னப் பையன், ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

"தூங்கிக்கினு ஓட்றான் பாருங்கம்மா. எங்கனா நின்னு நின்னு வருவானுங்க. இவனுங்களால பேஜாரு!"

அத்தை கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள். அப்படியே சொன்னாள், "ஹாரன் அடிக்காதப்பா. வண்டி இழுக்கலன்னா அவரு இன்னா பண்ணுவாரு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அத்த... உனக்குத் தெரியுமா?"

"எது?"

"நம்ம லாரி. அந்தப் பம்ப்பு..."

"பம்ப்பு கிம்ப்பெல்லாம் நான் இன்னாடி கண்டேன்? காலியா போறப்ப ஏரிக்கரை மேட்டுல நாலாவது கியர்ல ஜம்முனு ஏறும். லோடோட வர்றப்ப ரெண்டாவதுல மூச்சு முட்டிக்கினு ஏறும். அந்தச் சத்தம் ஏரிக்கு அந்தாண்ட இருந்தே எனக்குக் கேக்கும். நடைக்கு நடை கேட்டுக்கினுதான இருந்தேன். எங்கயோ படுத்து எழுந்து வர்ற வண்டியா அது?"

"அப்ப ஏன் அத்த நீ சொல்லல?" என்று கேட்டேன்.

அத்தை கண்ணைத் திறந்தாள். மருந்து வழிந்தது. துடைக்காமல் என்னைப் பார்த்தாள்.

"பத்து வயசு, உன்னக் கேட்டாங்க. மெக்கானிக்கக் கேட்டாங்க. அந்த இட்லிக்கடைக்காரியக் கூட ஆள் விட்டுக் கேட்டாங்க. கல்யாணப் பொண்ணு நானு. என்ன ஒருத்தர் கேட்டாங்களாடி?"